கல்லை உடைத்தவர்களும் சொல்லில் உடைந்தவனும்

"என்ன தோழர், இதுவும் ஒரு படமா? இரண்டு மணி நேரம் நாலைந்து பேர் தரையைத் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள்! பாட்டு இல்லை, சண்டை இல்லை, துரத்தல் இல்லை. உட்கார்ந்து பார்க்கப் பொறுமை வேண்டாமா?"

இப்படிக் கேட்பவர் உண்டு. கேட்பதிலே குற்றமும் இல்லை. எட்டு மணி நேரம் இயந்திரத்தின் முன்னால் நின்று, இடுப்பு நோக வீடு திரும்புகிற தொழிலாளி, "என் பாட்டைக் கொஞ்ச நேரம் மறக்கச் செய்" என்றுதான் படத்திடம் கேட்கிறான். அவனுக்கு ஓட்டமும் வேண்டும், ஆட்டமும் வேண்டும். கொடுப்பதற்குப் பட முதலாளிகளும் தயாராக இருக்கிறார்கள். இன்றோ கையகலக் கைபேசித் திரையிலே விரலால் தள்ளத் தள்ள, நொடிக்கொரு காட்சி வந்து கண்ணைப் பறிக்கிறது. நின்று பார்க்க நேரம் இல்லை. நினைத்துப் பார்க்கவோ, நேரமே இல்லை!

மறக்கச் செய்யும் படங்கள் ஆயிரம் இருக்கட்டும். நினைக்கச் செய்யும் படமும் ஒன்றிரண்டு உண்டு. அத்தகைய படம் ஒன்று, பிரெஞ்சு நாட்டில் 1960-ம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளிவந்தது. அதன் பெயர் 'லெ த்ரூ'. தமிழில் சொன்னால், 'துளை'. எடுத்தவர் ஜாக் பெக்கர் என்னும் டைரக்டர். குற்றக் கதை என்ற வகையிலே அதைச் சேர்ப்பார்கள். ஆனால் படத்தில் கொலை இல்லை, கொள்ளை இல்லை, ஒரு துப்பாக்கிச் சத்தம்கூட இல்லை. இருப்பதெல்லாம் ஒரு சிறை அறை, ஐந்து மனிதர்கள், ஒரு வேலை.

அந்தப் படத்தைப் பற்றித்தான் இன்று தோழர்களோடு பேச விரும்புகிறோம். கூட்டாக நின்று ஒரு காரியத்தைச் செய்து முடிக்க நினைக்கிற எவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. ஒன்று: கூட்டு வேலை எப்படி நடக்கிறது? இரண்டு: அது எப்படி உடைகிறது? இந்த இரண்டுக்கும் மேடைப் பேச்சு இல்லாமல், வெறும் கைகளையும் முகங்களையும் காட்டியே விடை தருகிறது இந்தப் படம்.

நான்கு பேர், பிறகு ஐந்து பேர்

இடம், பாரிஸ் நகரத்தின் லா சாந்தே சிறை. காலம், 1947-ம் ஆண்டு. நான்கு கைதிகள் ஒரே அறையில் அடைபட்டிருக்கிறார்கள். ரோலான், மானு, ஜியோ, வோஸ்லென் என்பவர்கள் அந்த நால்வர். வோஸ்லெனுக்கு அவர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர், பிஷப்பை அழைக்கும் மரியாதைப் பெயர்! நால்வரும் விசாரணைக்குக் காத்திருப்பவர்கள். கடுந்தண்டனை நிச்சயம் என்று தெரிந்தவர்கள். தப்பித்தாக வேண்டும் என்று முடிவும் செய்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில் ஐந்தாவது ஆள் ஒருவனைக் கொண்டுவந்து விடுகிறார்கள். சிறையின் வேறொரு பகுதியில் பழுது பார்க்கும் வேலை நடக்கிறது; அங்கே இருந்தவன் இங்கே மாற்றப்படுகிறான். அவன் பெயர் காஸ்பார். வயது இருபத்தேழு. நல்ல உடை, நயமான பேச்சு, பணிவான நடை. பணக்கார மனைவியின் தயவில் வாழ்ந்தவன். மனைவியின் தங்கையோடு உறவு. அதில் எழுந்த சச்சரவில் துப்பாக்கி வெடித்து மனைவிக்குக் காயம். கொலை முயற்சி வழக்கு. இது அவன் கதை.

நால்வருக்கும் சங்கடம். இவனிடம் சொல்வதா, வேண்டாமா? சொல்லாமல் ஒரே அறையில் தரையைத் தோண்ட முடியாது. சொன்னால், நம்ப வேண்டும். அவனைக் கேள்விகள் கேட்டு, முகத்தைப் படித்து, தங்களுக்குள் கலந்து, கடைசியில் சொல்லிவிடுகிறார்கள். அவனும் சேருகிறான். அந்த நொடி முதல் அவன் அரைப்பங்குக்காரன் அல்ல, முழுப் பங்குக்காரன்.

அறையில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, அட்டைப் பெட்டி மடிப்பது. அந்த அட்டைக் கட்டுகளையே மறைவாக்கிக்கொண்டு, மூலையிலே தரையின் மரப்பலகைகளைப் பெயர்க்கிறார்கள். பலகைக்குக் கீழே காரை. காரையை உடைத்தால் நிலவறை. நிலவறையைக் கடந்தால் சாக்கடைச் சுரங்கம். சுரங்கத்தை அடைத்து ஒரு கான்கிரீட் சுவர். சுவரைச் சுற்றிக் குடைந்தால் வெளியுலகம். கதை இவ்வளவுதான்!

உழைப்புக்கு உரிய வேகம்

இப்போது அந்தப் பேர்போன காட்சிக்கு வருவோம். கட்டிலிலிருந்து கழற்றிய இரும்புத் துண்டு ஒன்று. அதைக் கொண்டு காரைத் தரையைக் குத்துகிறான் ஒருவன். குத்துகிறான், குத்துகிறான், குத்திக்கொண்டே இருக்கிறான். தரை அசையவில்லை. வெள்ளையாக ஒரு கீறல் விழுகிறது. கை சோர்ந்ததும் அடுத்தவன் வாங்கிக்கொள்கிறான். பிறகு இன்னொருவன். காமிராவோ, அந்தத் தரையை விட்டு நகர மறுக்கிறது! ஏறத்தாழ நான்கு நிமிடம், வெட்டாமல், ஒட்டாமல், அந்த இரும்பையும் அந்தத் தரையையும் மட்டுமே காட்டுகிறது. முதலில் தூள், பிறகு சில்லு, பிறகு கட்டி, பிறகு ஒரு குழி. ஒவ்வோர் அடியும் சிறை முழுவதும் கேட்கும் போல் இடிக்கிறது. "ஐயோ, கேட்டுவிடப் போகிறதே!" என்று பார்க்கிறவன் பதைக்கிறான்.

வேறொரு டைரக்டராக இருந்தால் என்ன செய்திருப்பார்? ஓர் அடியைக் காட்டுவார், கடிகாரத்தைக் காட்டுவார், வியர்வைத் துளியைக் காட்டுவார், அடுத்த நொடியில் பெரிய குழி தயாராக இருக்கும்! படத்தின் நேரம் மிச்சம். ஆனால் உழைப்பு எங்கே போயிற்று? கத்தரிக்கோல் அதை விழுங்கிவிட்டது.

இதைத்தான் தோழர்கள் கவனிக்க வேண்டும். படங்களிலே வீடு எழும், பாலம் எழும், அரண்மனை எழும். கட்டிய கை மட்டும் தெரியாது. மாளிகையின் படிக்கட்டில் கதாநாயகி இறங்கி வருவாள். அந்தப் படியைச் செதுக்க எத்தனை உளி மழுங்கியது என்று யாரும் கேட்பதில்லை. வேலை என்பது 'சுவையில்லாத பகுதி' என்று வெட்டி எறியப்படுகிறது. பெக்கர் அந்த வெட்டியெறியப்பட்ட பகுதியைத்தான் எடுத்து நடுவில் வைத்தார். காரை உடைவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் ஆகும் என்றார். இதை மந்தம் என்று சொல்லலாமா? பட்டறையில் அரம் பிடித்தவனைக் கேளுங்கள். கிணறு வெட்டியவனைக் கேளுங்கள். கருங்கல்லில் துளை போட்டவனைக் கேளுங்கள். "உலகத்திலே வேலை நடக்கிற வேகமே அதுதான்!" என்பான்.

படத்திலே பின்னணி இசையும் கிடையாது. 'இங்கே அஞ்சு, இங்கே அழு' என்று வயலின் வந்து கட்டளையிடுவதில்லை. இரும்பின் ஓசை, காலடி ஓசை, பூட்டின் ஓசை, மூச்சின் ஓசை: இவையே இசை. முடிவிலே பெயர்கள் வரும்போதுதான் இசை ஒலிக்கிறது.

கையும் மூளையும்

கருவிகளைப் பாருங்கள்! பல் துலக்கும் பிரஷ்ஷின் முனையில் உடைந்த கண்ணாடிச் சில்லு ஒன்றைக் கட்டுகிறார்கள். கதவிலுள்ள கண்துளை வழியாக அதை வெளியே நீட்டினால், தாழ்வாரத்தில் வார்டர் வருவது தெரியும். இரண்டு சிறு மருந்துப் புட்டிகளை வாயோடு வாய் பொருத்தி, மணலைக் கொட்டி, நாழிகைக் கருவி செய்கிறார்கள். நிலவறையில் வேலை செய்கிறவர்கள் ஷிப்டு முடிந்து எப்போது திரும்ப வேண்டும் என்று அது சொல்லும். இறங்கிப் போனவர்களின் படுக்கையிலே அட்டையால் பொம்மை. கயிற்றை இழுத்தால், தூங்குகிறவன் புரள்வது போல் அது அசையும்! கிடைத்த இரும்பை அராவி, பூட்டுகளைத் திறக்கச் சாவி செய்கிறான் ரோலான்.

பெரிய மேதைகளின் வேலையா இது? இல்லை. கையோடு மூளையும் வேலை செய்யும் எந்தத் தொழிலாளியும் அன்றாடம் செய்வது. உதிரிப் பாகம் கிடைக்காதபோது கம்பியை வளைத்து இயந்திரத்தை ஓட்டுகிறானே பிட்டர், அவனுடைய அறிவு இது. இந்த அறிவுக்குப் பட்டம் இல்லை, பதக்கம் இல்லை. இந்தப் படத்திலே மரியாதை இருக்கிறது.

ரோலானாக வரும் மனிதரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் பெயர் ஜான் கெரோடி. தொழில்முறை நடிகர் அல்ல. 1947-ல் லா சாந்தே சிறையில் உண்மையாகவே நடந்த அந்தத் தப்பிக்கும் முயற்சியிலே உண்மையாகவே பங்குகொண்டவர் அவர்! படத்தின் தொடக்கத்தில் அவர் ஒரு மோட்டார் வண்டியைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார். நிமிர்ந்து நம் பக்கம் திரும்பி, தன் நண்பர் பெக்கர் படமாக்கியிருப்பது தன் சொந்தக் கதை என்று சொல்லிவிட்டு நகர்கிறார். பிறகு படத்திலே அந்தக் கைகள் பூட்டைத் தடவும்போது, கம்பியை அறுக்கும்போது, அது நடிப்பாகத் தெரிவதில்லை. தெரியாதே! அந்தக் கைகள் அந்த வேலையை முன்பே செய்த கைகள்.

மற்றவர்களிலும் பெரும்பாலோர் புதுமுகங்கள். ஜியோவாக வரும் மிஷேல் கான்ஸ்தந்தேன், கைப்பந்து விளையாட்டிலே பிரான்சுக்காக ஆடியவர். பெயர் பெற்ற நட்சத்திரம் ஒருவரும் இல்லை. நட்சத்திரம் இருந்தால் கண் அவர் முகத்துக்குப் போகும். பெக்கருக்குக் கண் வேலையின் மேல் நிற்க வேண்டும்.

யார் இந்த பெக்கர்?

1906-ல் பாரிஸில் பிறந்தவர். வசதியுள்ள குடும்பம். ஆனால் கலையுலகில் கால் வைத்தபோது, ஜான் ரென்வார் என்ற மாபெரும் டைரக்டரிடம் உதவியாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். 1936-ம் ஆண்டுத் தேர்தலுக்காகப் பிரெஞ்சுக் கம்யூனிஸ்டுக் கட்சி ஒரு பிரசாரப் படம் எடுத்தது. 'வாழ்வு நமதே' என்று பொருள்படும் அந்தப் படத்தை ரென்வாரின் தலைமையில் கூட்டாக உருவாக்கியவர்களில் பெக்கரும் ஒருவர். அந்த ஆண்டு மக்கள் முன்னணி வென்றது. ஆலைகளிலே வேலை நிறுத்த அலை எழுந்தது. வாரம் 40 மணி நேர வேலையும் ஊதியத்தோடு கூடிய விடுமுறையும் பிரெஞ்சுத் தொழிலாளிக்குக் கிடைத்தன. அந்தப் படமோ, 1969 வரையில் பொதுக் கொட்டகைகளிலே திரையிடப்படவில்லை!

இரண்டாம் உலகப் போரில் 1940-ல் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, போர்க் கைதி முகாமிலே சுமார் ஓராண்டு கழித்தார். அடைபட்டவனின் நாள் எவ்வளவு நீளம் என்பது அவருக்குத் தெரியும். 1947-ல் அவர் எடுத்த 'அந்துவானும் அந்துவானெத்தும்' என்ற படம், அச்சுத் தொழிலாளி ஒருவனையும், கடையில் வேலை செய்யும் அவன் மனைவியையும், காணாமற்போன லாட்டரிச் சீட்டையும் பற்றியது. 1954-ல், புகழ்பெற்ற ஜான் கபேனைக் கொண்டு, வயதான கொள்ளைக்காரன் ஒருவனைப் பற்றி ஒரு படம் எடுத்தார். அதிலே நெஞ்சில் நிற்பது துப்பாக்கிச் சண்டை அல்ல. தேடப்படும் இரண்டு நண்பர்கள் இரவில் உட்கார்ந்து ரொட்டியில் இறைச்சிப் பசை தடவித் தின்று, பல் துலக்கி, படுக்கப் போகும் காட்சி! மனிதன் என்ன செய்கிறான் என்பதைவிட, எப்படிச் செய்கிறான் என்பதிலேதான் பெக்கருக்கு அக்கறை.

'துளை' அவருடைய கடைசிப் படம். 1960 பிப்ரவரி 21-ல் அவர் மறைந்தார். மார்ச்சு 18-ல் படம் வெளிவந்தது. தன் கடைசித் துளையைத் தோண்டி முடித்தவர், வெளிச்சம் வந்ததைப் பார்க்கவில்லை! பின்னாளில் குற்றப் படங்களிலே பெரும் பெயர் எடுத்த ஜான் பியேர் மெல்வில் என்ற டைரக்டர், பிரெஞ்சுப் படங்களிலேயே தலைசிறந்ததாக இதை வைத்துப் போற்றினார்.

பங்கும் பண்பும்

சிறை அதிகாரிகளைப் பெக்கர் பேய்களாகக் காட்டவில்லை. கைதிகளுக்கு வீட்டிலிருந்து வரும் உணவுப் பொட்டலங்களை வார்டர் ஒருவர் சோதிக்கிறார். ஒரே கத்தி, அதே கத்தியால் எல்லாவற்றையும் அறுக்கிறார், அழுக்குக் கையால் புரட்டுகிறார். கோபம் இல்லை, கொடுமை இல்லை. அது அவர் வேலை. அந்த அலட்சியத்திலே அடைபட்டவனின் மானம் துண்டு துண்டாக அறுபடுகிறது. சவுக்கைக் காட்டியிருந்தால் இந்த வலி தெரிந்திருக்காது.

அறைக்குள்ளோ, வேறோர் உலகம். வந்த உணவைக் காஸ்பார் பங்கிடுகிறான். இருந்த உணவை அவர்கள் பங்கிடுகிறார்கள். குழாயைச் செப்பனிட வந்த கைதிகள் இவர்களுடைய பொருளைத் திருடிக்கொண்டு போகும்போது, அதைப் பொறுக்க முடியவில்லை இவர்களால். இவர்கள் யார்? சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகள். ஆனால் 'இல்லாதவனிடம் இல்லாதவன் திருடக் கூடாது' என்ற நீதி அவர்களிடம் இருக்கிறது.

ஜியோவைப் பாருங்கள். துளை தயாராகும் நேரத்தில் அவன் சொல்கிறான், நான் வரவில்லை என்று. ஏன்? வெளியே நோயாளித் தாய். தான் ஓடினால் போலீஸ் போய் அவளைப் படுத்தும். சரி, வரவில்லை, வேலையை விட்டானா? இல்லை! தான் போகாத பாதையைத் தோழர்களுக்காக மற்றவர்களைப் போலவே தோண்டுகிறான். பலன் தனக்கில்லை என்று தெரிந்தும் கடப்பாரையைக் கீழே வைக்காதவன்! படத்திலே யாரும் அவனைப் புகழ்ந்து ஒரு சொல் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை.

கருங்காலி எப்படிப் பிறக்கிறான்?

இரவோடு இரவாகக் குடைந்து, கடைசியில் ஓர் அதிகாலையில் மானுவும் காஸ்பாரும் தெருவின் சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்க்கிறார்கள். எதிரே சிறைச் சுவர். இவர்கள் சுவருக்கு வெளியே! வெறிச்சோடிய தெரு. ஒரு வாடகை மோட்டார் போகிறது. ஏறிக்கொண்டால் தீர்ந்தது. யார் தடுப்பது?

ஏறவில்லை. மூடியை இறக்கிவிட்டு, வந்த வழியே, சாக்கடை வழியே, இருட்டின் வழியே, சிறைக்குள் திரும்புகிறார்கள். மற்றவர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக! விடுதலையைக் கண்ணால் கண்டுவிட்டுக் கூட்டத்துக்காகத் திரும்பும் இந்தக் காட்சியில் வசனம் மிகக் குறைவு. கொட்டகையை அதிர வைக்கும் எந்தச் சொற்பொழிவுக்கும் இது குறைந்ததல்ல.

அன்று திரும்பி வந்தவர்களிலே ஒருவன்தான் காஸ்பார் என்பதை மறந்துவிடாதீர்கள். அங்கேதான் இருக்கிறது சோகம்.

அடுத்து, காஸ்பாருக்குச் சிறைத் தலைவரிடமிருந்து அழைப்பு வருகிறது. போகிறான். தலைவர் மிரட்டினாரா? அடித்தாரா? இல்லை. நாற்காலி கொடுத்தார், நயமாகப் பேசினார். முன்பே ஒரு தடவை, விதிக்கு மாறாகத் தங்கச் சிகரெட் கொளுத்தியை வைத்திருந்ததற்காக இவனை அழைத்தபோதும் அவர் அன்பாகவே நடந்துகொண்டார். இப்போது நற்செய்தியே சொல்கிறார். உன் மனைவி புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள்; நீ விடுதலையாகும் நாள் தூரத்தில் இல்லை.

சுவரில் துளை போடத் துணிந்தவன், அந்த நற்செய்தியிலே துளைபட்டுப் போகிறான்! நேற்று வரை அவனுக்கும் மற்றவர்களுக்கும் வழி ஒன்றே. இன்று அவனுக்கு மட்டும் தனிவழி திறந்துவிட்டது. சட்டப்படியே கதவு திறக்கப் போகிறது. இந்த நிலையில் தப்பி ஓடினால் புதுக் குற்றம். ஓடாமல் இருந்தாலும், அறையிலே துளை இருக்கிறதே! அந்த அறையில் நெடுநேரம் என்ன பேசப்பட்டது என்பதைப் பெக்கர் நமக்குக் காட்டவே இல்லை. கதவு மூடுகிறது. திரும்பி வருகிறான். முகம் வேறாக இருக்கிறது.

நால்வரும் சந்தேகிக்கிறார்கள், கேட்கிறார்கள், அவன் மறுக்கிறான், நம்புகிறார்கள். அன்றிரவே புறப்பாடு. புறப்படுவதற்கு முன் மானு அந்தக் கண்ணாடிச் சில்லைக் கண்துளை வழியே நீட்டிப் பார்க்கிறான். தாழ்வாரம் நிறைய வார்டர்கள்! சத்தமில்லாமல், வரிசையாக, நெருக்கியடித்துக்கொண்டு! எத்தனையோ இரவுகள் அவர்களைக் காத்த அந்தச் சிறு சில்லு, கடைசியாகக் காட்டியது துரோகத்தை.

கதவு உடைகிறது. கூச்சல், அடி, இழுபறி. உள்ளாடையோடு நால்வரையும் சுவரைப் பார்த்து நிறுத்துகிறார்கள். காஸ்பார் வேறோர் அறைக்கு நடத்திச் செல்லப்படுகிறான். அவனைப் பார்த்து ரோலான் சொல்வது சாபம் அல்ல. "பாவம், காஸ்பார்!" அவ்வளவுதான்.

நம்பியது தவறா?

இங்கேதான் நாம் நிதானமாக யோசிக்க வேண்டும். படம் பார்த்துவிட்டு, "பார்த்தீர்களா! வெள்ளைச் சட்டைக்காரனைச் சேர்த்ததால் வந்த வினை. வெளியாளை நம்பவே கூடாது!" என்று முடிவு கட்டுவது எளிது. அதுதான் பாடம் என்றால் அந்தப் பாடம் நமக்கு வேண்டாம்.

ஏன்? அவர்கள் அவனை நம்பாமல் இருந்திருந்தால் வேலையே தொடங்கியிருக்க முடியாது. நம்பிக்கை அவர்கள் செய்த ஆடம்பரம் அல்ல. இரும்புத் துண்டைப் போல அதுவும் ஒரு கருவி. அந்தக் கருவி இல்லாமல் துளை இல்லை. மேலும், காஸ்பார் முதல் நாளே வேவுகாரனாக வந்தவன் அல்லவே! அவனும் குடைந்தான், அவனும் வியர்த்தான், தெரு வரை போனவன் திரும்பியும் வந்தான். அந்த இரவுகளில் அவன் உண்மையான தோழன். தோழனாக இருந்தவன்தான் துரோகியானான். பிறவித் துரோகி என்று ஒருவன் இருந்தால், நெற்றியிலே பார்த்து ஒதுக்கிவிடலாம். அப்படி யாரும் இல்லை என்பதால்தான் சிக்கல்.

அப்படியானால் அவன் உடைந்தது எங்கே? நால்வருக்கும் அவனுக்கும் இழப்பு ஒன்றாக இருந்தவரையில் அவன் உறுதியாக நின்றான். 'உனக்கு மட்டும்' என்று ஒரு சலுகை வந்ததும் உறுதி கரைந்தது. வேலை நிறுத்தக் காலத்தில் தலைவனைத் தனியே அழைத்து, நாற்காலி போட்டு, "உங்களுக்கு என்ன குறை? உங்களைப் போன்றவர் அந்தக் கும்பலில் இருக்கலாமா?" என்று கேட்கும் குரல் இருக்கிறதே, உலகத்திலே எந்தத் தொழிலாளிக்கும் அது புதிதல்ல. தடியால் உடைக்க முடியாத கூட்டைத் தயவால் உடைக்கும் குரல் அது. தடியை எதிர்க்க உடல் உறுதி போதும். தயவை எதிர்க்க வேறோர் உறுதி வேண்டும். அந்த இரண்டாவது உறுதியைப் பற்றியது இந்தப் படம்.

எனவே பாடம், 'நம்பாதே' என்பதல்ல. 'தனிக்கதவு திறக்கும் நாளில் நீ என்ன செய்வாய் என்று இன்றே கேட்டுக்கொள்' என்பதுதான். ஜியோவுக்கும் கூட்டத்தின் பலனில் பங்கில்லை. காஸ்பாருக்கும் அது தேவையில்லாமல் போயிற்று. இருவர் நிலையும் ஒன்றுதான். ஒருவன் கடப்பாரையைக் கீழே வைக்கவில்லை. மற்றவன் வாயைத் திறந்துவிட்டான். 'பாவம்' என்று ரோலான் சொன்னதும் அதனால்தான். நால்வரும் இழந்தது விடுதலையை. அவன் இழந்தது, இனி யாரும் திருப்பித் தர முடியாத ஒன்றை.

மறைக்கக் கூடாத கறை

படத்தைப் பாராட்டும்போதே ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். மறைத்துப் பாராட்டுவது பாராட்டு ஆகாது. இந்தப் படத்துக்கு மூலமான நாவலை 1957-ல் எழுதியவர் ஜோசே ஜியோவானி. அவரும் அந்த 1947 முயற்சியில் பங்குகொண்ட கைதியே. கொலை வழக்கில் 1948-ல் மரண தண்டனை பெற்று, அது குறைக்கப்பட்டு, 1956-ல் வெளிவந்தவர். பிறகு நாவலாசிரியராகவும் டைரக்டராகவும் பெயர் பெற்றார். ஆனால் 1993-ல் சுவிட்சர்லாந்துப் பத்திரிகைகள் அவருடைய பழங்கணக்கைத் திறந்தன: போர்க்காலத்தில் அவர் நாஜிகளுக்குத் துணைபோனவர்களின் பக்கத்தில் இருந்தவர்! தோழனைக் காட்டிக்கொடுத்தவனைப் பற்றி எழுதிய கை, நாட்டைக் காட்டிக்கொடுத்தவர்களோடு கைகோத்த கை! விந்தை என்பதா, வேதனை என்பதா?

அதே லா சாந்தே சிறைக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1867-ல் திறக்கப்பட்ட அந்தச் சிறையின் உள்ளே, 1941 ஆகஸ்டில், கம்யூனிஸ்டுகள் மூவர் தலை வெட்டும் பொறிக்குப் பலியானார்கள். அவசர அவசரமாக ஒரு தனி நீதிமன்றம் அமைத்து, நடந்து முடிந்த செயல்களுக்கும் பின்னோக்கிப் பாயும் சட்டம் இயற்றி, ஆக்கிரமிப்பாளனைத் திருப்தி செய்வதற்காகவே வழங்கப்பட்ட தீர்ப்பு அது. அந்தச் சுவர்களுக்குள் உடையாமல் நின்றவர்களும் இருந்தார்கள் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். படம் அவர்களைப் பற்றிப் பேசவில்லை. நாம் பேசலாம் அல்லவா? அந்தச் சிறை 2014-ல் மூடப்பட்டு, புதுப்பிக்கப்பட்டு, 2019-ல் மீண்டும் திறக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே, படத்தை மெச்சுவது வேறு; அதன் மூலக்கதைக்காரரை மெச்சுவது வேறு. படத்தின் நேர்மை அவரைக் கழுவிவிடாது. அவருடைய கறை பெக்கரின் உழைப்பை, கெரோடியின் கைகளைப் பொய்யாக்கிவிடாது. சிறைப்பட்டவர்களெல்லாம் வீரர்கள் என்று நாம் சொல்லவில்லை. படமும் சொல்லவில்லை. அவர்கள் செய்த குற்றம் என்ன என்று விவரிக்காமல் விட்டதே, அவர்களைத் தியாகிகளாக்கும் தந்திரம் அல்லவா என்று யாரேனும் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் ஓர் அறைக்குள் ஐந்து பேர் ஒருவருக்கொருவர் எப்படி இருந்தார்கள் என்பதை மட்டுமே காட்ட பெக்கர் முனைந்தார். அந்த அளவிலே அவர் பொய் சொல்லவில்லை.

பார்க்கும் முறை

தோழர்களே! வாய்ப்புக் கிடைத்தால் இந்தப் படத்தைப் பாருங்கள். ஒருவராக அல்ல, நாலைந்து பேராக உட்கார்ந்து பாருங்கள். முதல் அரைமணி நேரம் பொறுமை தேவைப்படும். சம்மட்டி பிடித்தவனுக்குப் பொறுமையைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டுமா? காரை உடையும் அந்த நான்கு நிமிடத்திலே, யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார்: "அந்த இரும்பை அப்படிப் பிடித்தால் கை கொப்புளிக்கும்." அந்தச் சொல் வரும்போது, படம் உங்களுடையதாகிவிட்டது என்று அறியலாம்.

படம் முடிந்ததும் எழுந்து ஓடிவிடாதீர்கள். "ஜியோவின் இடத்தில் நான் இருந்தால்? காஸ்பாரின் இடத்தில் நான் இருந்தால்?" என்று ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு விடை சுலபமாக வரும். இரண்டாவது கேள்விக்கு, உண்மை பேசுகிறவன் சற்று நேரம் மௌனமாக இருப்பான். அந்த மௌனம் வீண் அல்ல. கல்லை உடைக்கும் கை நம்மிடம் இருக்கிறது. ஒரு நயமான சொல்லில் உடையாத நெஞ்சை உருவாக்கிக்கொள்ளத்தான், அந்தச் சற்று நேரம் தேவைப்படுகிறது.